ஓட்ஸ் பிஸ்கட்: கடைப் பொட்டலமும் வீட்டு அடுப்பும்

சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில் என் கணவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 152 என்று வந்த அன்றே, மாலைத் தேநீருடன் அவர் விரும்பித் தின்றுவந்த வெண்ணெய் பிஸ்கட்டுக்கு வீட்டில் தடை விழுந்தது. அதற்கு மாற்றாக, சிவப்பு இதயம் அச்சிட்ட ஓட்ஸ் பிஸ்கட் ஒன்றை மூன்று மாதங்கள் வாங்கினோம். பிறகு அதை விட்டுவிட்டு நானே ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின்சார அடுப்பில் சுடத் தொடங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனெனில் ஏறத்தாழ இதே சேர்மானத்தில் வேறு சில பொட்டலங்களும் கடையில் அதே அடுக்கில்தான் இருக்கின்றன.

சுவையில் குறை சொல்ல முடியாது. மொறுமொறுவென்று, தேநீரில் நனைத்தாலும் உடனே கரையாமல், நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு நாள் செய்தித்தாளின்மேல் வைத்த இரண்டு பிஸ்கட்டை எடுத்தபோது, அடியில் எட்டணா அளவுக்கு எண்ணெய் வட்டம் படிந்திருந்தது. அதன் பிறகுதான் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தேன். எடையில் கூடுதலானது முதலில் வரும்படியே சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது விதி. இதில் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் முந்திக்கொள்ள, ஓட்ஸ் நான்காவதாக 11 விழுக்காடு என்று நின்றது. 150 கிராம் பொட்டலத்தில் ஓட்ஸ் 17 கிராம்கூட இல்லை. மேலே ஒட்டியிருந்த அவல்களை விரலால் உதிர்த்துவிட்டால் மிஞ்சுவது வழக்கமான மைதா பிஸ்கட்தான்.

இந்தக் கணக்கு முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து குடலில் கூழ்போலக் குழைந்து, ஈரல் கொலஸ்ட்ராலிலிருந்து ஆக்கி அனுப்பும் பித்த அமிலங்களில் ஒரு பகுதியை மறுபடி உறிஞ்சப்படவிடாமல் வெளியேற்றிவிடுகிறது. இழந்ததை ஈடுசெய்ய ஈரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. இதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-ல் ஓட்ஸ் பொட்டலங்களில் இதய நலம் பற்றி அச்சிட அனுமதித்தபோது, எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைகொழுப்புக் (சாச்சுரேட்டட் ஃபேட்) குறைந்த உணவின் பகுதியாக உண்ணும்போது என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னது. பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைகொழுப்பு என்பதால், நம் பொட்டலம் அந்த நிபந்தனையிலேயே தடுக்கி விழுகிறது.

வீட்டில் முதல் முறை சுட்டது படுதோல்வி. அலமாரியில் இருந்த இன்ஸ்டன்ட் ஓட்ஸைப் போட்டதால், அது ஈரத்தையெல்லாம் உடனே குடித்து, தட்டில் களியாகப் படுத்துவிட்டது. தட்டையாக உருட்டிய ரோல்டு ஓட்ஸ்தான் இதற்கு ஏற்றது. இப்போது என் அளவு இதுதான்: 200 கிராம் ஓட்ஸில் 80 கிராமை மட்டும் மிக்சியில் மாவாக்கி, மீதியை முழுதாக விட்டு, அதனுடன் மசித்த பெரிய வாழைப்பழம் ஒன்று, முட்டை ஒன்று, நாட்டுச் சர்க்கரை 90 கிராம், கடலை எண்ணெய் 60 மில்லி, நறுக்கிய பாதாமும் பேரீச்சையும் ஒரு கைப்பிடி, பட்டைத்தூள், உப்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா ஆகியவற்றைப் பிசைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, 20 வட்டங்களாகத் தட்டி, 170 டிகிரியில் 18 நிமிடம் வைக்கிறேன். எடுக்கும்போது நடுவில் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று பயந்து இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் ஆறியபின் பல்லுக்குச் சோதனைதான். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம். கரும்பு மணத்துக்காகவே அதைச் சேர்க்கிறேன்.

பாமாயில் போனதே பெரிய ஆதாயம். இதே அளவு எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் போட்டிருந்தால், ஒரு பிஸ்கட்டில் அரை கிராம் அளவில் நிற்கும் நிறைகொழுப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். ஆனால் வீட்டுப் பிஸ்கட்டையும் மிகையாகப் புகழ மாட்டேன். ஒன்றில் 10 கிராம் ஓட்ஸ், அதில் பீட்டா குளூக்கன் சுமார் 0.4 கிராம், 3 கிராமை எட்ட ஏழெட்டுப் பிஸ்கட் தின்ன வேண்டும், அதற்குள் சர்க்கரை 30 கிராமைத் தாண்டிவிடும். ஆகவே வீட்டில் காலை உணவு 50 கிராம் ஓட்ஸ் கஞ்சி. மாலையில் இரண்டு பிஸ்கட். இரண்டும் சேர்ந்தால்தான் தேவையான அளவுக்குப் பக்கத்தில் வருகிறது. பரிசோதனையை மறுபடி எடுத்தபோது எல்.டி.எல். 118. இந்தக் காலத்தில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் தினமும் 40 நிமிட நடையும் தொடர்ந்தன என்பதால், பெருமையைப் பிஸ்கட்டுக்கு மட்டும் எழுதிவிட முடியாது.

கடைப் பிஸ்கட்டுக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண், அதுவும் மொறுமொறுப்புக்காக. வீட்டுப் பிஸ்கட்டுக்கு மூன்றரை. பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாததால் எவர்சில்வர் டப்பாவில் நான்கு நாள்தான் தாங்குகிறது. ஐந்தாம் நாள் வாழைப்பழ வாசனை மாறிவிடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பத்தும் வியாழக்கிழமை பத்துமாகச் சுடுகிறேன்.