5000 வருடச் சாக்லேட் ஒரே பெட்டியில்: இரண்டாம் பாக்கெட்டுக்காக வாங்கலாம்

பெட்டி வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்துத் தின்றுவிட்டு ஐந்து நட்சத்திரம் போடும் ஆசாமி நான் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்று வைத்துக்கொண்டு, சிலவற்றை இரண்டாம் முறையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூடியில் தங்க எழுத்தில் '5000 வருடச் சாக்லேட்' என்று போட்டிருக்கிறது. உள்ளே எண் போட்ட ஏழு பாக்கெட், ஒரு மரக் கடைகோல், வழவழப்பான தாளில் ஒரு கையேடு. வரிசைப்படி ருசித்துக்கொண்டே வந்தால் பழங்காலத்திலிருந்து இன்றுவரை நாக்கிலேயே போய்விட்டு வரலாம் என்பது விற்பவர்கள் சொல்வது. பாதி உண்மை.

முதல் பாக்கெட்டில் வறுத்த கொக்கோ கொட்டை, எண்ணி ஐந்தே ஐந்து. ஒரு காயிலேயே 20 முதல் 50 கொட்டை வரை இருக்கும், இவர்கள் என்னவோ தங்கம் நிறுத்துக் கொடுப்பது போலக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வகையில் அது பொருத்தம்தான், ஏனென்றால் இந்தக் கொட்டை ஒரு காலத்தில் நிஜமாகவே பணம். 1545-இல் மெக்சிகோவின் த்லாஷ்கலாவில் எழுதிவைத்த சந்தை விலைப்பட்டியல் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன்படி நல்ல வான்கோழிப் பெட்டை ஒன்றுக்கு 100 கொட்டை, புதிதாகப் பறித்த ஒரு வெண்ணெய்ப்பழத்துக்கு 3, பெரிய தக்காளி ஒன்றுக்கு 1, சோளமாவில் செய்த தமாலே ஒன்றுக்கு 1. ஆக என் பாக்கெட்டில் இருந்த ஐந்தை வைத்து ஒரு வெண்ணெய்ப்பழம், ஒரு தக்காளி, ஒரு தமாலே என்று மதியச் சாப்பாட்டையே முடித்திருக்கலாம். பணம் என்றால் கள்ளப்பணமும் இருக்குமே. மெழுகையும் வெண்ணெய்ப்பழக் கொட்டைத் துண்டுகளையும் கொக்கோ தோலுக்குள் வைத்து மூடி விற்ற வியாபாரிகளைப் பற்றி, சஹாகூன் என்ற பாதிரியார் மெக்சிகோவின் அஸ்தெக் மக்களிடம் கேட்டுத் தொகுத்த ஏட்டில் வருகிறது. இவ்வளவு சுவாரசியமான விஷயத்துக்குக் கையேட்டில் ஒரு வரி கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு முழுப் பக்கத்துக்குக் கொக்கோ இலைப் படம்.

தோலை உரித்துக் கடித்தால் மொறுமொறுவென்று கசப்பு, கொஞ்சம் பொறுத்து ஒரு புளிப்பு. அந்தப் புளிப்பு நொதித்தலில் வருவது. காயை உடைத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளைச் சதை இருக்கும், அதோடு சேர்த்துக் குவித்து மூடி ஐந்தாறு நாள் நொதிக்க விடுவார்கள், அப்போதுதான் பிற்பாடு வறுக்கும்போது சாக்லேட் வாசனை எழும். நொதிக்காத கொட்டையை என்னதான் வறுத்தாலும் அந்த வாசனை வராது.

சரி, கையேடு. மூடியில் 5000 வருடம் என்று போட்டுவிட்டு, உள்ளே கதை 1519-இல் அஸ்தெக் பேரரசர் மோக்தெசூமாவின் அரண்மனைக்குள் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் நுழைவதில் தொடங்குகிறது. கணக்குப் போட்டால் 500 வருடம்தான் தேறும், மீதி 4500 எங்கே போயிற்று? அந்த 5000 எங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்லியிருக்கலாம். ஈக்வடாரின் தென்கிழக்கில் சாந்தா ஆனா லா ஃப்ளோரிடா என்ற இடத்தில் தோண்டியெடுத்த பானைகளில் கொக்கோவின் மாவுத்துகளும், அதில் உள்ள தியோப்ரோமின் என்ற வேதிப்பொருளும், மரபணுத் துணுக்குகளும் ஒட்டியிருந்ததை 2018-இல் அறிவித்தார்கள். அவை சுமார் 5300 வருடம் பழையவை. அதாவது கொக்கோவை மனிதர்கள் முதலில் பயன்படுத்தியது, நமக்குத் தெரிந்தவரை, மெக்சிகோவில் இல்லை, அமேசான் பக்கத்தில். அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் மெக்சிகோப் பக்கத்துப் பழைய நாகரிகக்காரர்களான ஓல்மெக்குகள், அப்புறம் மாயர்கள். குவாதமாலாவின் ரியோ அசூலில் 5-ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் திருகு மூடி போட்ட ஒரு ஜாடி கிடைத்தது. அதன்மேல் 'ககாவ்' என்று மாயன் எழுத்தில் எழுதியே இருந்தது, உள்ளே சோதித்தால் கொக்கோவின் தடயம். பெயர் எழுதிய டப்பா, உள்ளே அதே பொருள். இந்தப் பெட்டியைத் தயாரித்தவர்களுக்கு அந்த ஜாடிக்காரரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மோக்தெசூமா தினம் 50 கோப்பை குடித்தார் என்று கையேடு அடித்துச் சொல்கிறது. இது எல்லா இடத்திலும் சுற்றும் கதை. நேரில் பார்த்ததாக எழுதிவைத்த, கோர்த்தேஸின் படைவீரர் பெர்னால் தியாஸ் சொன்னது, 50-க்கும் மேற்பட்ட பெரிய ஜாடிகளில் நுரை பொங்கும் கொக்கோ கொண்டுவந்தார்கள், அதிலிருந்து அவர் குடித்தார் என்பது. மீதி யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அரண்மனையில் காவலாள், ஏவலாள் என்று அத்தனை பேர் இருந்தார்கள்.

இப்போது இரண்டாம் பாக்கெட். இதற்காகத்தான் இவ்வளவு பொறுமையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கரடுமுரடாக அரைத்த கொக்கோ, சோளமாவு, காய்ந்த மிளகாய், வெனிலா, நிறத்துக்கு அச்சியோத்தே விதை. சர்க்கரை துளிகூட இல்லை. தண்ணீரில் கலந்து, கூடவே தந்திருக்கும் கடைகோலால் கடையுங்கள் என்று குறிப்பு. கடைந்தேன், கடைந்தேன், கை வலித்ததுதான் மிச்சம், மேலே நாலு குமிழி வந்து உடைந்துபோனது. குடித்தால் மண் கலந்த மிளகாய்த் தண்ணீர். 1560-களில் பென்சோனி என்ற இத்தாலியர் இதை மனிதர்களைவிடப் பன்றிகளுக்கு ஏற்ற பானம் என்று எழுதினார், அன்றைக்கு எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

இரண்டாம் முறை கடைகோலைத் தூர வைத்துவிட்டு மாயர்கள் செய்தது போலச் செய்தேன். பழைய மாயன் குவளை ஒன்றில் ஒரு பெண் நின்றுகொண்டு உயரத்திலிருந்து கீழே உள்ள பாத்திரத்தில் ஊற்றும் ஓவியம் இருக்கிறது, வேறொன்றுமில்லை, ஆற்றுகிறாள். நானும் கை எட்டும் உயரத்துக்குத் தூக்கி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பத்துப் பதினைந்து தடவை ஆற்றினேன், தரையெல்லாம் சிந்தியது, ஆனால் அடேயப்பா, அந்த நுரை! செம்பழுப்பில் கெட்டியாக, உதட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வாசனை முதலில் மூக்குக்கு வருகிறது, அப்புறம் கசப்பு, எல்லாம் முடிந்த பிறகு தொண்டையில் மிளகாய். அதே பொடிதான், அதே தண்ணீர்தான், வேறு பானம். அஸ்தெக்குகள் இதை ஆறவைத்துக் குளிர்ச்சியாகக் குடித்தார்கள் என்பதால் அப்படியும் பார்த்தேன், எனக்கு வெதுவெதுப்பே பிடித்தது. இதில் எரிச்சல் என்னவென்றால், அந்தக் கடைகோல், மொலினிலோ என்பார்கள், ஸ்பானியர்கள் வந்த பிறகு புழக்கத்துக்கு வந்த சாமான். அதை 'மாயர்களின் கருவி' என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். தப்பான கருவியைக் கொடுத்துச் சரியான பானத்தைக் கெடுக்கிறார்கள்.

மூன்றாவது, ஸ்பானிய அரண்மனைப் பாணி: சர்க்கரையும் பட்டையும் சேர்ந்த வில்லை, வெந்நீரில் கரைக்க வேண்டும். கடைகோல் இங்கேதான் ஒழுங்காக வேலை செய்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை, இரண்டாவதுக்குப் பிறகு குடித்தால் குழந்தைப் பானம் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றிலிருந்துதான் மற்றது பிறந்தது. இதைக் கையேடு புரியவைக்கவே இல்லை. கொக்கோ கொட்டையில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு. அதனால்தான் இரண்டாம் பாக்கெட்டைக் கலக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே எண்ணெய் மினுக்கும். 1828-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் ஹௌட்டன் குடும்பம் இந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. பிழிந்த பிறகு மிஞ்சும் வறண்ட கட்டியைப் பொடித்து, ஆல்கலி எனப்படும் காரப்பொருள் சேர்த்துப் பக்குவம் செய்தால் தண்ணீரில் சுலபமாகக் கலக்கும், மென்மையான, கறுத்த பொடி கிடைக்கும். அதுதான் நான்காம் பாக்கெட். பிழிந்த கொழுப்பை என்ன செய்வது? 1847-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனம் கொக்கோத் தூளோடும் சர்க்கரையோடும் அந்தக் கொழுப்பை உருக்கிச் சேர்த்து அச்சில் ஊற்றியது. கடித்துத் தின்னும் சாக்லேட் அங்கே தொடங்குகிறது, ஐந்தாம் பாக்கெட். அதாவது மூடியில் போட்டிருக்கும் 5000 வருடத்தில் 4800-க்கும் மேல் அது குடிக்கிற பொருள். ஏழு பாக்கெட்டில் மூன்று கட்டிச் சாக்லேட் என்பது வரலாற்றுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

ஐந்தாவது நாக்கில் மணல் போல நறநறக்கிறது, விற்பவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், பாராட்டுகிறேன். துகள் 20, 30 மைக்ரானுக்குக் கீழே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போனால்தான் நாக்குக்கு அது வழவழப்பு. 1879-இல் ரோடால்ஃப் லிண்ட் சுவிட்சர்லாந்தில் மணிக்கணக்காகச் சாக்லேட்டைத் தேய்த்துப் புரட்டும் கான்ச் இயந்திரத்தைக் கொண்டுவரும்வரை தின்றவர்கள் இந்த நறநறப்பைத்தான் தின்றார்கள்.

ஆறாவது பால் சாக்லேட். 1875-இல் டானியல் பீட்டர், பாலில் உள்ள தண்ணீரை எப்படிப் போக்குவது என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. எல்லோருக்கும் தெரிந்த ருசி. தாண்டிப் போகலாம்.

ஏழாவது, 75 சதவீதக் கறுப்புச் சாக்லேட். பிரித்தால் மேலே சாம்பல் பூசியது போல வெள்ளை. பூஞ்சை இல்லை, பயப்பட வேண்டாம். கொக்கோக் கொழுப்பு ஆறு விதமாக உறையும், அதில் ஐந்தாம் விதம்தான் பளபளப்பும் 'டக்' என்று உடையும் தன்மையும் கொடுத்து வாயின் சூட்டில், 34 டிகிரி வாக்கில், உருகும். வழியில் வெயில் பட்டு உருகி மறுபடி தன் இஷ்டத்துக்கு உறைந்தால் இப்படி வெளுக்கும். தின்னலாம், ஆனால் பிசுபிசுவென்று வளைகிறது, உடையவில்லை. புகார் எழுதினேன், 'உடல்நலத்துக்குக் கேடில்லை' என்று பதில் வந்தது. நான் கேட்டது அதுவா? 5000 வருட வரலாறு தெரிந்தவர்களுக்குப் பெட்டிக்குள் ஒரு குளிர்ப்பை வைக்கத் தெரியவில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கங்கள் இரண்டு இடத்தில் என்னைக் கோபப்படுத்தின. அமெரிக்க ராணுவத்துக்காக 1937-இல் செய்த டி ரேஷன் என்ற அவசரகாலச் சாக்லேட் கட்டியை 'வீரர்களின் இனிப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். ராணுவம் கேட்டதே வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தால் போதும் என்றுதான், ருசியாக இருந்தால் அவசரத்துக்கு வைத்திருக்காமல் முன்னாலேயே தின்றுவிடுவார்கள் என்பதால். இது சிரித்துவிட்டுப் போகிற தவறு.

இன்னொன்று அப்படி இல்லை. 'இன்று' என்ற தலைப்பில் சிரிக்கும் விவசாயி படம் ஒன்று, அதோடு முடிந்தது. உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அந்த மரம் அந்த மண்ணுக்குப் புதுசு, தெத்தே குவார்ஷி என்பவர் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கானாவுக்கு விதை கொண்டுவந்ததே 1870-களில். 2001-இல் பெரிய நிறுவனங்கள் எல்லாம் கூடி, குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை 2005-க்குள் ஒழிப்போம் என்று கையெழுத்துப் போட்டன. 2020-இல் வந்த ஆய்வறிக்கை, அந்த இரண்டு நாட்டுக் கொக்கோத் தோட்டங்களில் சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் வேலை செய்வதாகக் கணக்குச் சொல்கிறது. 2024-இல் விளைச்சல் சரிந்து உலகச் சந்தையில் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியதைப் பற்றியும் கையேட்டில் ஒன்றும் இல்லை. மோக்தெசூமாவின் தங்கக் கோப்பைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியவர்கள் இதற்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கலாம். ஏழு பாக்கெட்டில் ஒன்றிலாவது கொட்டை எந்த ஊரில் விளைந்தது என்று அச்சிட்டிருக்கிறார்களா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஏழாவதில் மட்டும் நாட்டின் பெயர் இருக்கிறது.

மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு இரண்டாம் பாக்கெட்டுக்கு, ஒன்று அந்த நறநறப்புக்கு. வாங்கினால் கையேட்டை நம்பாதீர்கள், ஆற்றும்போது கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பொடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. கடைகோலை முட்டை அடிக்க வைத்துக்கொண்டேன், அதற்கு நன்றாக உழைக்கிறது.