புரொடெக்டட் பிளானெட் தளம்: குடியாத்தத்திலிருந்து ஒரு விமர்சனம்

இரண்டு வருஷமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சூழலியல் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நடத்துகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கண்காணிப்பு மையமும் ஐ.யூ.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து நடத்துவது. உலகம் முழுக்க உள்ள தேசியப் பூங்கா, சரணாலயம் எல்லாவற்றின் பட்டியலும் எல்லைகளும் மாதாமாதம் புதுப்பிக்கப்படுகின்றன, காசு கிடையாது. ஐந்துக்கு நாலு மார்க் தாராளமாகக் கொடுப்பேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, இந்த எல்லைகளை முக்கிய பல்லுயிர்ப் பகுதிகளின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க முடிவதுதான். அருகிவரும் உயிரினங்கள் போதுமான எண்ணிக்கையில் வாழ்வது போன்ற காரணங்களால் முக்கியமான இடங்களை 2016-இல் வந்த பொது அளவுகோலின்படி கே.பி.ஏ. (கீ பயோடைவர்சிட்டி ஏரியா) என்று குறிக்கிறார்கள், அதில் எத்தனை சதவீதம் சரணாலயங்களுக்குள் வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். நிலப்பகுதியில் உலகச் சராசரி சுமார் 44 சதவீதம்.

அந்த 44-ஐ எப்படிப் படிப்பது என்பதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு இடத்தின் சதவீதத்தையும் தனித்தனியாக எடுத்து, பிறகு சராசரி போடுகிறார்கள், பரப்பளவைக் கூட்டி வகுப்பதில்லை. பத்து ஹெக்டேர் ஏரி ஒன்று முழுக்க உள்ளே, ஆயிரம் சதுர கிலோமீட்டர் காடு ஒன்று முழுக்க வெளியே என்றால் சராசரி 50 வந்துவிடும். சின்ன ஏரியும் கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் செய்தது, அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் தளத்தில் இதை முதல் பக்கத்திலேயே பளிச்சென்று சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் நம்ம ஊர் சங்கதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்கா, சரணாலயம், கன்சர்வேஷன் ரிசர்வ், கம்யூனிட்டி ரிசர்வ் இவைதான் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். ரிசர்வ் காடு அந்த நாலில் சேராது. அதனால் ஜவ்வாது மலையில் வனத்துறை எவ்வளவு காவல் காத்தாலும் இந்த மாதிரிக் கணக்கில் அது ஏறுவதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: காகிதத்தில் சரணாலயம் என்றிருந்தாலே போதும், உள்ளே ஒரு காவலர் இருக்கிறாரா, தீ வைக்கிறார்களா என்று சதவீதம் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. மேலாண்மை எப்படி இருக்கிறது என்ற மதிப்பீட்டுத் தகவல் தளத்தில் தனியாக இருக்கிறது, தேடிப் போய்ப் பாருங்கள், அதையும் சேர்த்துப் படிக்காமல் யாரும் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு பேசாதீர்கள்.

போன மாதம் வகுப்பில் கௌண்டின்யா சரணாலயத்தின் எல்லையைக் கரும்பலகையில் வரைந்தேன். 1980-களில் யானைகள் திரும்பி வந்து தங்கிய காடு, ஆந்திரப் பக்கம் 1990-இல் சரணாலயமானது, நம் மாநில எல்லைக்கு வந்ததும் கோடு நின்றுவிடுகிறது. மோர்தானா அணைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "சார், எங்க வாழைத் தோட்டம் கோட்டுக்கு உள்ளயா வெளியயா?" என்று கேட்டாள். வெளியே என்றேன். "ஆனா யானை வருதே சார், போன வாரம்கூட பதினஞ்சு மரம் சாய்ச்சிட்டுப் போச்சு" என்றாள். சாக்பீஸை அவளிடமே கொடுத்தேன். கோட்டைத் தாண்டி, அணையைச் சுற்றி, அவர்கள் தோட்டம் வரைக்கும் யானை வரும் வழியைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தாள்.