கடன் வாங்கிக் கோழி வளர்த்த கதை: மூன்று வருடக் கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுகடன் வாங்கிக் கொட்டகை போடலாம், கம்பிவலை அடிக்கலாம், குஞ்சுக்கு விளக்கு மாட்டலாம். அந்தக் காசிலேயே தீவனமும் வாங்க ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் கை கடிக்கும். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கோழி வளர்க்க ஆசைப்படும் அக்கா தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதுதான். அதைவிட, வாங்கும் காசை எதில் போடப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

2022-ல் கோழித் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. ஜூலையில் சாதாரணக் கோழிக்குக் கிலோ 9 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பாதிப் பேருக்குக் கோழிப்பண்ணை ஆசை வந்தது. எனக்கும்தான். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவளுக்குக் கோழி புதிதில்லை. ஆனால் அடுப்படி மிச்சத்தைப் போட்டுப் பத்துக் கோழி வளர்ப்பது வேறு, நூறு கோழிக்குத் தீவன மூட்டை இறக்குவது வேறு.

கடனுக்கு என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அமானா இக்தியார் என்ற சிறுகடன் நிறுவனம். வங்காளதேசத்து கிராமின் வங்கியின் முறையைப் பார்த்து 1987-ல் தொடங்கியது. பெண்கள் ஐந்து பேராகக் குழு சேர வேண்டும். பிணையோ ஜாமீனோ கேட்பதில்லை. 2024-ல் நம் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற திட்டத்தையும் அதில் கொண்டுவந்தார்கள். இன்னொன்று தெக்குன் நேஷனல், சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசாங்க நிறுவனம், 1998 முதல் இருக்கிறது. அதில் இந்தியத் தொழில்முனைவர்களுக்கு ஸ்பூமி என்ற பிரிவு உண்டு. குழுவோடு சேர்ந்து கட்டுவதா, தனியாகக் கட்டுவதா என்று யோசித்தேன். குழுவில் கட்டுப்பாடு இருக்கும், ஆலோசனை சொல்லவும் ஆள் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் நேரம் ஒதுக்கிக் கூட்டத்துக்குப் போவது சிரமம். தனியாகக் கட்டும் தெக்குனுக்கே போனேன்.

பத்தாயிரம் வெள்ளி, ஐந்து வருடம். நான் வாங்கியபோது வருடத்துக்கு 4 சதவீதம், முதல் முழுக்க ஒரே விகிதம். கணக்கு எளிது: வருடத்துக்கு 400, ஐந்து வருடத்துக்கு 2,000. மொத்தம் 12,000-ஐ 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 200. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் அந்த 4 சதவீதம் முதலில் வாங்கிய பத்தாயிரத்துக்கே கணக்காகிறது. குறைந்துவரும் பாக்கியை வைத்துப் பார்த்தால் இது ஏறத்தாழ ஏழரை சதவீதத்துக்குச் சமம். அப்படியும் மலிவுதான். உரிமம் பெற்ற வட்டிக்கடையில் பிணையில்லாக் கடனுக்குச் சட்டப்படி வருடம் 18 சதவீதம் வரை வாங்கலாம். ஆலோங்கை, உரிமமில்லாக் கந்துவட்டிக்காரரை, பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

தாள் வேலை நினைத்த அளவு பெரிதில்லை. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, கொட்டகை போடும் இடத்தின் படம், சாமான்களுக்கான கொட்டேஷன், அப்புறம் எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு. சொந்தப் பெயரில் பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60. "நான் பேசி முடித்துத் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று ஒருவர் வீடு தேடி வந்தார். இந்த மாதிரிக் கடனுக்கு ஏஜென்டே தேவையில்லை. வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பாதிக்கு மேல் கொட்டகைக்கே போய்விட்டது. எங்கள் அத்தையின் கம்பத்து நிலத்தில் போட்டோம். தோட்டத்து நிலத்தில் போட முடியாது, அது கம்பெனி இடம். லயத்துக்குப் பின்னால் பத்து கோழிக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்), நூறு கோழிக்கு மூடமாட்டார். தாமான் வீடு என்றால் அடுத்த வீட்டுக்காரர் நாற்றம் என்று புகார் கொடுப்பார், கொடுத்தால் தப்பும் இல்லை. பண்ணை வைக்க மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. முதல் குஞ்சு வாங்கும் முன்பே மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அங்கே கேட்பதற்குக் காசில்லை.

வலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காட்டை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில் எலிக்காகப் பாம்பு வரும், பாம்பு வந்தால் கோழியையும் பார்க்கும். மூசாங் (மரநாய்) ராத்திரியில் வரும், ஒன்றைத் தின்ன வந்து ஐந்தைக் கொன்றுபோடும். அதனால் கீழே இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலச் சதுரக் கம்பிவலை அடித்து, அதை மண்ணுக்குள்ளும் ஒரு சாண் இறக்கினோம். அந்தச் செலவைக் கடன் காசில் செய்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கொட்டகை இன்னும் நிற்கிறது, கடனைவிட அதிகநாள் நிற்கும்.

இப்போது கோழிக் கணக்குக்கு வருகிறேன். நாட்டுக்கோழி, இங்கே கம்போங் கோழி, ஒன்றரைக் கிலோ ஆக மூன்றரை நான்கு மாதம் பிடிக்கும். கடைக் கோழி ஐந்தாறு வாரத்தில் தயாராகிவிடும். என் பில்களைப் பார்த்துச் சொல்கிறேன்: குஞ்சு ஒன்று மூன்று வெள்ளிச் சொச்சம். விற்கும் வரை ஒரு கோழி நாலரை முதல் ஐந்து கிலோ தீவனம் தின்னும். கிலோ 2 வெள்ளி 60 காசு என்றால் அதிலேயே 12, 13 வெள்ளி. உயிரோடு கிலோ 14-க்கு விற்றால் ஒரு கோழிக்கு 21 வெள்ளி வரும். மிச்சம் ஐந்து வெள்ளி. நூறு குஞ்சில் எட்டுப் பத்து சாகும், அதையும் கழித்தால் ஒரு ஈட்டுக்கு முந்நூறு சொச்சம்தான் நிற்கிறது. அதற்குள் நான்கு மாதத் தவணை 800 வெள்ளி போயிருக்கும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. கடன் மாதா மாதம் கேட்கும், கோழி நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கும். இந்த இரண்டையும் பொருத்துவதுதான் தொழிலே. நூறு குஞ்சை ஒரே நாளில் இறக்காமல் மாதத்துக்கு ஒரு ஈடாக இறக்கினால் மாதா மாதம் விற்க ஏதாவது இருக்கும். முட்டைக்கென்று கொஞ்சம் பெட்டைகளை நிறுத்தினேன். அவை முட்டையிட ஐந்தாறு மாதம் ஆகும், ஆனால் ஆரம்பித்துவிட்டால் வாரச் செலவை முட்டை பார்த்துக்கொள்ளும். தவணைக்குச் சேர்ந்த பணத்தைத் தனி டப்பாவில் போட்டு வைப்பேன். வீட்டுக்காரருக்குக்கூட அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது.

செலவில் எழுபது சதவீதம் தீவனம். சோளமும் சோயாவும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, அதனால் வெள்ளி மதிப்பு இறங்கினால் என் மூட்டை விலை ஏறும். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு நம் ஊரில் மலிவு. வளர்ந்த கோழிக்குக் கொஞ்சம் கலக்கலாம். நார் அதிகம் என்பதால் மாட்டுக்குப் போடுவதுபோல அள்ளிப் போட்டால் கோழி எடை ஏறாது. ஒரு கடையில் எனக்கு மழைக்கு நனைந்து கட்டியாய்ப் போன மூட்டையைத் தலையில் கட்டினார்கள். பூஞ்சை பிடித்த தீவனம் கோழிக்கு விஷம். இப்போது மூட்டையை அங்கேயே பிரித்து மோந்து பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுகிறேன். முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

தடுப்பூசி பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கொட்டகை காலி, வந்தபிறகு குணமாக்க மருந்தும் கிடையாது. முதல் வாரத்திலேயே கண்ணில் ஒரு சொட்டு தடுப்பு மருந்து, அப்புறம் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி. பிரச்சினை என்னவென்றால் சின்னக் குப்பியிலேயே ஐந்நூறு, ஆயிரம் கோழிக்கான மருந்து இருக்கும்; கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நூறு குஞ்சுக்காரர் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் குஞ்சு இறக்குகிறோம். காலையில் வெயில் ஏறும் முன் ஐஸ் போட்ட தெர்மோஸில் குப்பியை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ஒருவர் குஞ்சைப் பிடிக்க, ஒருவர் சொட்டு விட, குஞ்சு கண் சிமிட்டும் வரை காத்திருந்துதான் கீழே விட வேண்டும். உடனே விட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். இந்த வேலையில் என் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் கை என்னுடையதைவிட வேகம்.

குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், ஓரத்தில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு.

விற்பனையில் நம் பஞ்சாங்கம்தான் முதலாளி. புரட்டாசியில் பாதி வீட்டில் கறி கிடையாது. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் அப்படியே. ஆனால் புரட்டாசி முடிந்ததும் தீபாவளி. ஜூன் கடைசியில் இறக்கிய குஞ்சு, புரட்டாசி முழுக்கக் கொட்டகையில் வளர்ந்து தீபாவளிக்குச் சரியான எடையில் நிற்கும். ஆடியில் முனீஸ்வரன் பூசைக்குக் கறுப்புச் சேவல் தேடி வருவார்கள், அதற்குப் பேரமே இல்லை. சீனர்கள் ஏழாம் மாதப் படையலுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் கம்போங் கோழி கேட்பார்கள். ஹரி ராயாவுக்கு மலாய்க்காரர்கள் உயிரோடு வாங்கி அவர்களே அறுத்துக்கொள்வார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சூப்புக் கோழி வருடம் முழுக்கப் போகும். கோழி விலையைக் கடைக்கோழியோடு ஒப்பிடுகிறவரிடம் நான் வாதாடுவதில்லை. அவர் நம் வாடிக்கையாளர் இல்லை.

எப்படியோ தவணை தவறாமல் போகிறது. பாக்கி இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. மறுகடன் வாங்கிக் கோழியை இருநூறாக்கச் சொல்கிறார்கள். கோழியைக் கூட்ட நான் தயாராக இல்லை. கோழியைச் சுத்தம் செய்து கொடுத்தால் ஒன்றுக்கு மூன்று நான்கு வெள்ளி அதிகம் கிடைக்கிறது; இப்போது தீபாவளி வாரத்தில் நானும் அத்தையும் கையால் இறகு பிடுங்கி விடிந்துபோகிறது. இறகு பிடுங்கும் இயந்திரத்துக்கும் ஒரு பெரிய பிரீசருக்கும் ஈப்போவில் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். விலை சரியாக வந்தால் அதற்கு மட்டும் இரண்டாவது கடன் போடுவேன், அதுவும் ஆடிக்கு முன்னால்.