மூன்று டப்பா க்ரீம், 4,350 ரூபாய், அம்மாவின் கால்கள்

நேற்று சாயங்காலம் அம்மாவைத் தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "நம்ம தப்புதானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். ஏமாந்த தொகை 4,350 ரூபாய். வயதானவர்களின் தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று டாக்டர் சொன்னதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. உடுமலைப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரை. பனி இறங்கினால் போதும், முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, செதில் செதிலாக உதிரும். ராத்திரியில் சொறிந்து சொறிந்து காலையில் பார்த்தால் நகக்கீறல் நெடுக இருக்கும். தொடை இடுக்கிலும் அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னால், சேலையெல்லாம் கறையாகிறது என்று இரண்டு நாளில் விட்டுவிடுவார்.

கார்த்திகையில் ஒருநாள் போனில் இதைச் சொல்லி அழுதார். அம்மா லேசில் அழுகிறவர் இல்லை. அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். போட்டோ, வீடியோ போடுகிற ஒரு தளத்தில், வீட்டிலேயே தயாரித்து விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. குளியல் பொடி, எண்ணெய், உடம்புக்குத் தடவும் 'மூலிகை வெண்ணெய்' என்று பல சாமான்கள். "கெமிக்கல் துளியும் இல்லை. குழந்தை மாதிரி சருமம்." கீழே நூற்றுக்கணக்கில் நன்றி சொல்லும் கமெண்டுகள். அதை மட்டும் பார்த்து நான் வாங்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, போடலாமா என்று கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன்.

பதிலாக ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பெண்ணின் குரல். பின்னால் குக்கர் விசில் சத்தம், ஒரு குழந்தை ஏதோ கேட்டு நச்சரிக்கிறது. "அக்கா, எங்க மாமியாருக்கும் சுகர்தான். அவங்களுக்கே நான் இதத்தான் போட்டு விடறேன். உங்க அம்மான்னா எனக்கும் அம்மாதான், தப்பான பொருளக் குடுப்பனா?" அந்த ஒன்றரை நிமிடப் பதிவை இரண்டு முறை கேட்டேன். என்னை மாதிரியே வீட்டு வேலைக்கு நடுவில் நின்று பேசுகிற ஒருத்தி என்று தோன்றியது. ராத்திரி பதினொரு மணிக்கு யுபிஐயில் 1,450 ரூபாய் அனுப்பினேன். பில் கேட்கவில்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. குக்கர் சத்தத்தை நம்பினேன்.

க்ரீம் வந்தது. நாலே நாளில் அம்மாவின் அரிப்பு நின்றது. பத்து நாளில் செதில் போய், பல வருடக் கறுப்பும் வெளுத்து, கால் பளபளவென்று ஆகிவிட்டது. "கண்ணு, தொட்டுப் பாரு, பட்டாட்டம் இருக்குது" என்று வீடியோ காலில் காலைத் தூக்கிக் காட்டினார். நான் அந்தப் பக்கத்தில் போய் நன்றி சொல்லி கமெண்ட் போட்டேன். என் கமெண்டைப் பார்த்து எத்தனை பேர் வாங்கினார்களோ தெரியாது. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. அடுத்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து இன்னும் இரண்டு டப்பா வாங்கினேன். ஆக மொத்தம் 4,350 ரூபாய்.

தை கடைசியில் மூன்றாவது டப்பா தீர்ந்தது. ஒரு வாரம் கூட ஆகவில்லை. கால் சிவந்து, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நரம்பு தெரிகிறது. உள்தொடையில் ஊதாவும் சிவப்புமாகப் பட்டை பட்டையான கோடுகள். இடுப்பிலிருந்து தொடை வரை படர்தாமரை பரவியிருக்கிறது. கட்டில் விளிம்பில் லேசாக உரசியதற்கே ரத்தம் வந்திருக்கிறது. சர்க்கரைக்காரருக்குக் காலில் புண் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

அதே பெண்ணுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "உடம்புல இருக்கற நச்சு வெளிய வருதுக்கா, நல்லதுதான், பத்து நாள்ல அடங்கிரும்." பத்து நாள் அம்மாவைக் காக்கவைத்தேன். எரிச்சல் கூடியது. அடுத்த பதில்: "வேற சோப்பு ஏதாவது மாத்துனீங்களா?" இல்லை என்றேன். "பாதியில நிறுத்துனதாலதான்கா இப்படி. இன்னும் ரெண்டு டப்பா போடுங்க, உங்களுக்காக விலை குறைச்சுத் தரேன்." அதில் என்னதான் கலக்கிறீர்கள், சொல்லுங்கள் என்றதும் அதுவரை 'அக்கா' என்றவர் 'மேடம்' ஆக்கிவிட்டார். "அது எங்க பாட்டி சொல்லிக்கொடுத்த பக்குவம் மேடம், வெளிய சொல்ல மாட்டோம்." 4,350 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். உபயோகித்த பொருளுக்குப் பணம் திரும்பத் தருவதில்லை என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறோம் என்றார். அங்கே போய் நடந்ததைக் கமெண்டாக எழுதினேன். பத்து நிமிடத்தில் அதை அழித்துவிட்டு என்னையும் பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டுக்காரரின் போனிலிருந்து வெறும் 'ஹாய்' அனுப்பிப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் பதில்: "சொல்லுங்கண்ணா, எந்த காம்போ வேணும்?" அம்மாவின் கால் போட்டோவுக்குப் பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு நாள்.

டாக்டர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இலைப் படம், பக்கத்தின் பெயர், '100% இயற்கை'. அவ்வளவுதான். தயாரிப்பு உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, முகவரி இல்லை, காலாவதித் தேதி இல்லை. "லேபில் குடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இந்தத் தோலைப் பார்த்தா வீரியமான ஸ்டீராய்டு போட்ட மாதிரிதான் இருக்கு" என்றார். மாதத்தில் இப்படிப் பலர் வருகிறார்களாம்.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்துதான். எக்ஸிமா மாதிரி தோல் நோய்களுக்கு அளவோடும் நாள் கணக்கோடும் டாக்டர்களே எழுதுவார்கள். அது அரிப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும், நிறத்தையும் வெளுக்க வைக்கும். ஆனால் தோலுக்கு ஈரம் தராது. மாதக்கணக்கில் தடவினால் தோலைத் தாங்கிப் பிடிக்கும் நாரே தேய்ந்துபோகும். அந்த ஊதாக் கோடுகள் அப்படி வந்தவைதான். மங்கும், முழுதாக மறையாது. படர்தாமரை இருக்கும் இடத்தில் போட்டால் அரிப்பு மட்டும் அடங்கி, பூஞ்சை உள்ளுக்குள் தாராளமாகப் பரவும். பெரிய இடத்தில் நாள்பட்டுத் தடவினால் ரத்தத்திலும் கலந்து சர்க்கரையை ஏற்றலாம். அம்மாவுக்கு இந்த மாதம் சர்க்கரை ஏறிய காரணம் தெரியாமல் நாங்கள் அரிசிச் சோற்றைக் குறைத்துக்கொண்டிருந்தோம். மருந்துக் கடையில் இந்த வகைக் களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. இவர்கள் அதைப் பாட்டி வைத்தியம் என்று தபாலில் அனுப்புகிறார்கள்.

சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கவும் எழுதிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். 2023-இல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததைச் சொன்னார். அங்கே 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனையும் போட்டார்களாம். அம்மாவின் ரிசல்ட் நாளைக்கு வரும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத க்ரீமை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். நாலு நாளில் அதிசயம் நடந்தால் சந்தோஷப்படாதீர்கள், டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். நிறுத்தியதும் எரிந்தால் மறுபடி அதையே வாங்கித் தடவாதீர்கள். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், குரல் பதிவு, காலி டப்பா எதையும் அழிக்காதீர்கள். நான் 1915-க்கு, அதாவது நுகர்வோர் உதவி எண்ணுக்கு, இன்று காலை கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதப்போகிறேன்.

வறட்சிக்கு டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். சோப்பு அக்குள், இடுக்கு, பாதத்துக்கு மட்டும். தேய்த்துத் தேய்த்துக் குளிக்காமல், துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் சாதா பெட்ரோலியம் ஜெல்லி. எரிச்சல் அடங்கிய பிறகு, தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கிற யூரியா கலந்த க்ரீம் எழுதித் தருகிறேன் என்றார். பெட்ரோலியம் ஜெல்லி டப்பா 90 ரூபாய். அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது 4,350.

அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இப்போதெல்லாம் எதைத் தடவப் போனாலும், "இதுல என்ன கலந்திருக்குது கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் காலைக் காட்டுகிறார். போய் மருந்து போட்டுவிட்டு வருகிறேன்.