டங்ஸ்டனும் செம்பும்: பிரேசிங்கா, அழுத்தி ஒட்டுவதா?

திருவொற்றியூரில் நான் தொழில் பழகிய பட்டறையில் முதல் பாடமே வெல்டிங் ராடு காயவைப்பதுதான். கடல் காற்றில் திறந்து கிடந்த 7018 என்ற வகை ராடை, 300 டிகிரிக்கு மேல் சூடேற்றாமல் எடுத்தால் மேஸ்திரி கையைத் தட்டிவிடுவார். "தம்பி, இன்னைக்கு நல்லாத்தான் தெரியும். நாளைக்கு வந்து பாரு" என்பார். ராடில் ஏறிய ஈரம் ஆர்க்கில் உடைந்து, ஹைட்ரஜனாக இரும்புக்குள் போய்விடும். ஆறிய பிறகுதான் வெல்டு ஓரத்தில் முடிபோல விரிசல் தெரியும்.

அணுக்கரு இணைவு உலையில் அந்த ஹைட்ரஜனின் வகைகள்தான் எரிபொருளே: டியூட்டீரியமும் டிரிட்டியமும். பிரான்சில் கட்டப்படும் ஐடெர் என்ற இணைவுச் சோதனை உலையில், சூட்டையும் கழிவையும் வாங்கும் அடிப்பகுதியான டைவர்ட்டரில், டங்ஸ்டன் கட்டிகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் செம்புக் கலவைக் குழாய் போகிறது. சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பத்தை அது தாங்க வேண்டும். சூட்டில் செம்பு டங்ஸ்டனைப்போல மூன்று மடங்குக்கு மேல் விரியும். அதனால் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் சுத்தச் செம்பு மெத்தைபோல வைக்கிறார்கள்.

இந்த டங்ஸ்டனையும் செம்பையும் ஒட்ட இரண்டு வழி. ஒன்று பிரேசிங்: நடுவே நிரப்பி என்ற வேறொரு உலோகத்தை உருக்கி ஒட்டுவது. அது எளிது. உருகிய உலோகம் இடுக்கெல்லாம் தானே நிரம்பும். ஆனால் ஏசி வேலையில் பிடிக்கும் வெள்ளி ராடு இங்கே ஆகாது. நியூட்ரான் பட்டால் வெள்ளி காட்மியமாகும். டைட்டேனியம் கலந்த நிரப்பி டங்ஸ்டனை நன்றாகப் பற்றும். என் பயம் அங்கேதான். டங்ஸ்டனில் ஹைட்ரஜன் மிகக் குறைவாகவே கரையும். டைட்டேனியமோ அதை இழுத்து வைத்துக்கொள்ளும். சூடு இறங்கும்போது ஹைட்ரைடாகி, உப்பி, நொறுங்கும். கூடவே டிரிட்டியமும் அங்கே சிறைப்படும்.

இன்னொரு வழி, வெற்றிடத்தில் அடைத்து, சூட்டோடு நாலாபுறமும் வாயு அழுத்தம் கொடுத்து ஒட்டுவது. இது செலவு பிடித்த வேலை. அழுத்தம் ஆயிரம் வளிமண்டலம் வரை போகும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். நடுவில் அந்நிய உலோகம் இல்லை. டங்ஸ்டனும் செம்பும் ஒன்றில் ஒன்று கரையாததால் நொறுங்கும் கலவைப் படலமும் உருவாகாது. ஆனால் சுத்தம் தவறக்கூடாது. பரப்பில் துளி இடைவெளி விட்டாலும் ஹைட்ரஜன் அணுக்கள் அங்கே கூடி மூலக்கூறாகி, அழுத்தம் ஏறிக் குமிழி தள்ளும். செம்பில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் ஹைட்ரஜன் அதோடு சேர்ந்து நீராவியாகி உள்ளிருந்தே பிளக்கும். ஆக்சிஜன் நீக்கிய செம்பைத்தான் எடுக்க வேண்டும்.

எந்த முறையானாலும், ஒட்டிய கையோடு அல்ட்ராசோனிக் (ஒலி அலையால் உள்ளே பழுது தேடும் சோதனை) பார்த்துக் கையெழுத்துப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஹைட்ரஜன் ஏற்றி, பலமுறை சூடாக்கி ஆறவிட்டு, அதன்பிறகு அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும்.