காரை வீட்டில் விட வைப்பது எது: கட்டணமா, பரிசா, ஆலோசனையா, இலவசமா?

2005 ஆகஸ்டில் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் ஏறக்குறைய 200 புதுப் பேருந்துகளைச் சாலையில் இறக்கியது. 16 புதுத் தடங்கள் வந்தன. "பஸ் ஒழுங்காக வந்தால் நான் எதற்குக் கார் எடுக்கப் போகிறேன்?" என்று எல்லா ஊரிலும் ஒரு பேச்சு உண்டே, அந்தப் பேச்சுக்கு வைத்த சோதனை மாதிரி ஆகிவிட்டது அது. நான்கு மாதம் போனது. கார்கள் குறைந்ததாகத் தெரியவில்லை.

2006 ஜனவரி 3 அன்று அடுத்த அடி விழுந்தது. நகர மையத்துக்குள் நுழையவும் வெளியேறவும் கட்டணம். நேரத்தைப் பொறுத்து 10, 15 அல்லது 20 குரோனா. எத்தனை முறை போய்வந்தாலும் ஒரு நாளைக்கு 60க்கு மேல் கிடையாது. கட்டண எல்லையைத் தாண்டும் வண்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது.

மக்களின் பயணப் பழக்கத்தை மாற்ற அரசுகளும் அலுவலகங்களும் முயன்ற வழிகளைக் கூட்டிக் கழித்தால் நான்கு தேறும்: காசு வாங்குவது, காசு கொடுப்பது, எடுத்துச் சொல்வது, டிக்கெட்டே வேண்டாம் என்பது. நான்குக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள். அந்த ஆதாரம் எப்படிச் சேர்க்கப்பட்டது என்று பார்த்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும்.

ஸ்டாக்ஹோமை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அந்த ஐந்தில் ஒரு பங்கு மட்டுமல்ல. பேருந்தை முதலிலும் கட்டணத்தைப் பிறகும் கொண்டுவந்ததால் எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அப்புறம், ஏழு மாதச் சோதனை முடிந்து ஜூலை 31 அன்று கட்டணத்தை நிறுத்தினார்கள். வண்டிகள் திரும்பி வந்தன, ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. விளக்கைப் போட்டு அணைத்துப் பார்ப்பது மாதிரி. செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நகரவாசிகளில் சிறு பெரும்பான்மை ஆதரித்தது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. சோதனைக்கு முன்னால் பெரும்பாலோர் எதிர்த்த திட்டம் இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். அங்கே யாரையும் "நீங்கள் கார் ஓட்டுவதைக் குறைத்தீர்களா?" என்று கேட்டு இந்தக் கணக்கைப் போடவில்லை, எல்லையில் கடந்த வண்டிகளை எண்ணினார்கள். தனியாகக் கேட்டும் பார்த்தார்கள், அதுதான் வேடிக்கை. குறைந்த பயணங்களில் பெரும்பகுதி, தாங்கள் எதையும் மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுடையது என்கிறார் இந்தத் திட்டத்தை நெருக்கமாக ஆராய்ந்த யோனாஸ் எலியாசன். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் பயணம் நாம் நினைக்கிற அளவுக்கு ஒரே மாதிரியானதல்ல. இந்த வாரம் கடைக்கு இந்தப் பக்கம், அடுத்த வாரம் அந்தப் பக்கம். பழக்கம் லேசாக நகர்ந்தால் நமக்கே தெரிவதில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆலோசனைப் பக்கம் போனால் கொஞ்சம் உறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தெற்கு பெர்த் பகுதியில் 2000ஆம் ஆண்டு வாக்கில் டிராவல்ஸ்மார்ட் என்ற திட்டம் நடந்தது. வீடு வீடாகத் தொடர்புகொண்டு, ஆர்வம் காட்டியவர்களுக்கு அவரவர் பேருந்து நிறுத்தத்தின் கால அட்டவணை, நடக்கவும் சைக்கிளில் போகவும் வரைபடம் என்று தேவையானதை மட்டும் கொடுத்தார்கள். கார் ஓட்டும் பயணங்கள் 14 சதவீதம் குறைந்தன, சைக்கிள் பயணங்கள் 61 சதவீதம் கூடின என்று அறிக்கை வந்தது. கட்டணமும் இல்லை, புதுச் சாலையும் இல்லை. உலகம் முழுக்க நகராட்சிகள் இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அந்த எண்களின் அடிப்படை, மக்களே எழுதிக் கொடுத்த பயணக் குறிப்புகள். வீட்டுக்கு வந்து அன்பாகப் பேசி, சைக்கிள் வரைபடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் சில மாதம் கழித்து "எப்படிப் போகிறீர்கள்?" என்று கேட்டால் நீங்களும் நானும் என்ன எழுதுவோம்? திட்டம் பொய் என்று சொல்ல வரவில்லை. 14 என்ற எண்ணை ஸ்டாக்ஹோமின் எண்ணுக்குப் பக்கத்தில் அதே எடையோடு வைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மனம் வராததற்கு இன்னொரு காரணம், 2020இல் ஆரியல்லா கிரிஸ்டல், ஆஷ்லி வில்லன்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு. ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களிடம் ஐந்து பரிசோதனைகள். மொத்தம் 68,915 பேர். கார் பகிர்வுக்கு அழைக்கும் கடிதங்கள், மின்னஞ்சல்கள், பணமல்லாத ஊக்கங்கள், ஆளுக்கு ஆள் தனிப் பயணத் திட்டம். ஒப்பிட்டுப் பார்க்க, எதையும் பெறாத குழுவும் இருந்தது. பலன்? கிட்டத்தட்ட பூஜ்யம். தோற்றுப்போனதைத் தோற்றது என்றே அச்சில் போட்டார்கள் பாருங்கள், அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

அப்படியானால் எடுத்துச் சொல்வதே வீணா? யாரிடம், எப்போது சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாதப் பொதுப் போக்குவரத்து அட்டையை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது, அதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வீடோ வேலையிடமோ மாறியிருந்தவர்களிடம்தான். மற்றவர்களிடம் ஒன்றும் நகரவில்லை. புது வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் பால் எங்கே, பஸ் எங்கே என்று விசாரிப்போம். நாலு மாதம் ஆனால் எதையும் விசாரிக்க மாட்டோம். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது வேறு வழி தேடியவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் புது வழியிலேயே போனார்களாம். எந்த ஆலோசகரும் கடிதம் எழுதவில்லை.

பரிசுக்கு வருவோம். நெதர்லாந்தில் 2006இல் சூட்டர்மீரிலிருந்து ஹேக் நகருக்குக் காரில் போகும் 340 தன்னார்வலர்களுக்கு, காலை நெரிசல் நேரத்தைத் தவிர்த்தால் நாளுக்கு 3 முதல் 7 யூரோ வரை கொடுத்தார்கள். நெரிசல் நேரப் பயணம் சுமார் பாதியாகக் குறைந்தது. பெரும்பாலோர் காரை விடவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார்கள். பணம் நின்றதும் பழையபடி. நம் பக்கத்தில் பெங்களூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் 2008-09இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாலாஜி பிரபாகர் குழு செய்தது இன்னும் சாமர்த்தியம்: சீக்கிரம் வருகிறவர்களுக்குப் புள்ளிகள், வாரா வாரம் குலுக்கல். முன்கூட்டி வருவோர் இரட்டிப்பானார்கள். எல்லோருக்கும் பத்துப் பத்து ரூபாய் கொடுப்பதைவிடச் சிலருக்குப் பெரிய தொகை என்றால் நம் ஆட்கள் அரை மணி முன்னால் எழுந்துவிடுவார்கள்! நெரிசலை நேரத்தில் பரப்பப் பரிசு நல்ல கருவி. ஆனால் எப்படியும் சீக்கிரம் வந்திருக்கக் கூடியவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். கட்டணம் கஜானாவை நிரப்பும், பரிசு காலி செய்யும்.

இலவசத்தைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். எஸ்தோனியாவின் தலைநகர் தாலின் 2013இல் தன் நகரவாசிகளுக்குப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. ஓராண்டில் பயணம் 14 சதவீதம் கூடியது. மொத்தப் பயணங்களில் காரின் பங்கு கொஞ்சம்தான் குறைந்தது. நடப்பது வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு வந்த கட்டணமில்லாப் பயணத்தை இந்த வரிசையில் வைத்து மதிப்பெண் போடுவோர் உண்டு. அது தப்பு. அது காரைக் குறைக்க வந்த திட்டமே இல்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் பயனாளிகளுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. அந்தத் திட்டத்துக்கு அதுதான் சரியான அளவுகோல்.

சரி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகம் தன் ஊழியர்களின் கார்களைக் குறைக்க நினைத்தால் நான் என்ன சொல்வேன்? சுவரொட்டி வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். வாகன நிறுத்தத்துக்கு நாள் கணக்கில் ஒரு தொகை வையுங்கள், மாதக் கணக்கில் வேண்டாம். மாதத்துக்குக் கட்டிவிட்டால் தினமும் கொண்டுவரத்தான் தோன்றும். பழைய ஊழியர்களை விடுங்கள், புதிதாகச் சேர்பவர் கையில் அடையாள அட்டையோடு மாநகரப் பேருந்தின் மாதப் பாஸையும் கொடுங்கள். பாதிக் கட்டடத்தில் மட்டும் தொடங்குங்கள், மீதிப் பாதி ஒப்பிட்டுப் பார்க்க. யாரிடமும் படிவம் நீட்ட வேண்டாம். வாசலில் இருக்கும் காவலாளி எப்படியும் வண்டி எண்களை நோட்டில் குறித்துக்கொண்டுதான் இருக்கிறார். திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள்.