தேரூர் குளத்துத் தண்ணீரைப் பார்க்க வாங்கிய பேனா மீட்டரும் ஆக்சிஜன் கிட்டும்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 28 வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2022-ல் சுசீந்திரம், தேரூர் குளங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளை எண்ண ஆட்கள் வருகிறார்கள், தண்ணீரையும் யாராவது தொடர்ந்து பார்க்க வேண்டுமே என்று தெருப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டேன். வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். கூழைக்கடாவும் நாமக்கோழியும் கலையாதபடி கரையில் நின்றுதான் தண்ணீர் எடுக்கிறோம்.

முதலில் வாங்கியது பேனா மீட்டர். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை), உப்பளவு, வெப்பநிலை மூன்றும் காட்டும். பெட்டியைத் திறந்தபோதே முனை காய்ந்து கிடந்தது. பிஎச் 6.86 என்று தெரிந்த, சரிபார்க்கும் கரைசலில் வைத்தால் 7.1 காட்டியது. ஒரு ராத்திரி ஊறவைத்து, சரிசெய்த பிறகுதான் ஒழுங்காக நின்றது. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் கரைசலில் வைத்துப் பார்க்கிறேன். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். பிஎச் 8-லிருந்து 9-க்குப் போனால் மீனுக்கு நஞ்சாகும் தனி அம்மோனியாவின் பங்கு பல மடங்கு கூடிவிடும். அதனால் இங்கே சின்னப் பிழையும் பெரிய பிழைதான். உப்பளவு காட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கிட். கண்ணாடிப் பாட்டிலில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, முதல் இரண்டு மருந்தையும் விட்டால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். அமிலம் விட்டதும் மஞ்சளாகக் கரையும், ஸ்டார்ச்சில் நீலமாகும், கடைசி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட நீலம் மறையும். பழகுவதற்காக வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, விளிம்புவரை நிரப்பி மூடி ஆறவிட்டுச் செய்தோம். "ஆச்சி, வெள்ளையா வருது!" என்று ஒரு பையன் கத்தினான். ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை அவன் இனி மறக்க மாட்டான்.

கிட்டில் ஒரே குறை, நீலம் மறைய விட்ட கடைசி மருந்தில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன் என்ற கணக்கு. காட்டுயிருக்கும் மீனுக்கும் குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. 3-ஆ, 4-ஆ என்பதை ஒரே சொட்டு தீர்மானிக்கிறது. அதனால் எப்போதும் இரண்டு பாட்டில் எடுக்கிறோம். மீந்த மருந்தைக் குளத்தில் ஊற்றாமல் தனி டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

கருவி வாங்கும் முன்பே நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் பிந்தித்தான் செய்தோம், ஆரம்பத்தில் எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியவில்லை. பகலில் பாசி ஆக்சிஜனை விடும், ராத்திரி முழுக்கக் குளமே அதை மூச்சாக இழுக்கும். ஆகவே விடியும் முன் எடுத்தால்தான் குளத்தின் கஷ்டம் தெரியும். மத்தியானம் எடுத்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இப்போது தண்ணீர் வரும் கால்வாய், மறுகால், தாமரை அடர்ந்த ஓரம் என்று மூன்று இடம், மாதம் இரண்டு நாள், வெள்ளாப்பு நேரம்.

நமக்கு இரண்டு பருவ மழை, கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு சாகுபடி. வயலில் போட்ட உரம் மழையோடு குளத்துக்கு வரும் என்பதால், உரம் போட்டபின் வரும் முதல் நல்ல மழைக்கு மறுநாள் மட்டும் கூடுதலாக ஒரு முறை போகிறோம். அதற்காகவே கிட்டின் மருந்துப் பொதி இன்னொன்று சொல்லி வைத்திருக்கிறேன்.